விஜயலக்ஷ்மியின் போனைத் திறந்தவர்

வலியசாலை அக்ரஹாரத்தில் யார் வீட்டில் ஜாதகம் எடுத்தாலும் அது முதலில் போய்ச் சேரும் இடம் விஜயலக்ஷ்மியின் போன். கல்யாணத் தரகர் என்று அவளை யாரும் சொன்னதில்லை. சொன்னால் அவளுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. வஞ்சியூரில் ஒரு வக்கீலின் ஆபீசில் பல வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். வக்கீல் காலமாகி ஆபீஸைப் பூட்டிய பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல், தெரிந்தவர்களுக்கு வரன் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றிரண்டு சம்பந்தம் நல்லபடியாக அமைந்தது. அதற்கப்புறம் கரமனை, ஸ்ரீவராகம், வடசேரி, பாலக்காடு, மாட்டுங்கா என்று அவள் நம்பர் கைமாறிக் கைமாறிப் போய்விட்டது.

ஆட்கள் அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் அவளுக்கு நிறைய வரன் தெரியும் என்பதல்ல. வாயைத் திறக்க மாட்டாள் என்பதுதான். வக்கீல் ஆபீஸில் படிந்த பழக்கம் அது. பையனுக்கு ஒரு காது கேட்காது, பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது, அப்பா இன்னொரு இடத்திலும் குடும்பம் வைத்திருந்தார், இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் ஒரு விஷயம் இருக்கும். அதை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்லவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அத்தனையும் அந்தப் போனுக்குள் இருந்தது. அம்மாக்கள் அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவுகள், பெண்களின் படங்கள், ஜாதகங்கள், எல்லாமும்.

கணவர் நாகேஸ்வரனுக்கு எர்ணாகுளத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலை ரயிலுக்குப் போய்விடுவார். மகள் கல்யாணமாகிப் பூனாவில் இருந்தாள். மாடியில் மீரா என்று ஒரு நாகர்கோவில் பெண் வாடகைக்கு இருந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை, மத்தியானத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். கிளம்புவதற்கு முன் கீழே வந்து ஃபில்ட்டரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, "வரேன் மாமி" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்காக அவளிடம் கீழ் வீட்டுக்கு ஒரு சாவி இருந்தது.

அந்த வருஷம் சித்திரையில் விஜயலக்ஷ்மிக்கு ப்ரஷர் கூடியிருப்பதாகச் சொல்லி ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. உப்பை அடியோடு நிறுத்திவிட்டாள். தண்ணீர் எவ்வளவுக்கெவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, செம்பைப் பக்கத்திலேயே வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் தலை கனத்தது, நடந்தால் கால் தள்ளாடியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில்தான் அது நடந்தது.

ஸ்ரீவராகத்துச் சீதாலக்ஷ்மி தன் பெண் ஆர்ஷாவின் ஜாதகத்தை அவளிடம் கொடுத்திருந்தாள். ஆர்ஷாவுக்கு முன்பு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோயிருந்தது. பிள்ளை வீட்டுக்காரர்கள் கேட்டால் மட்டும் அதைச் சொல்லவேண்டும், வேறு ஒருவர் காதிலும் விழக்கூடாது என்று சீதாலக்ஷ்மி கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். ஒருநாள் காலை அவளே வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தன் போனைத் திறந்து காட்டினாள். ஊரெல்லாம் இருக்கிற பெரிய வரன் குரூப்பில், ஆர்ஷாவின் படமும் ஜாதகமும், அடியில் நிச்சயம் நின்றதைப் பற்றிச் சீதாலக்ஷ்மி அவளுக்கு எழுதி அனுப்பியிருந்த வரிகளும் அப்படியே போயிருந்தன. அனுப்பியது விஜயலக்ஷ்மியின் நம்பர். முந்தின நாள் மத்தியானம்.

விஜயலக்ஷ்மிக்கு ஒன்றுமே புரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்துவிடுவாள். போன் கூடத்து மேஜை மேல் கிடக்கும். தான் அனுப்பவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சீதாலக்ஷ்மி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "அப்போ உங்க போனை வேற யாரோ தொறக்கறா. அது இதைவிட மோசம் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. குரூப்பிலிருந்து அதை அழித்தாள். அழிப்பதற்குள் பார்க்கவேண்டியவர்கள் எல்லாம் பார்த்திருந்தார்கள். வேறு என்னென்ன போயிருக்கிறதோ என்று தேடினாள். அன்று சாயங்காலமே பழவங்காடியில் கணபதி கோயிலுக்கு எதிர்ச் சந்திலிருந்த மொபைல் கடைக்குப் போனாள்.

கடையில் போன் சரிசெய்கிறவள் ஷீனா. பாறசாலைப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அவளும் அண்ணனுமாக நடத்துகிற கடை. விஜயலக்ஷ்மியின் போனை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து யாரும் புகுந்ததாகத் தெரியவில்லை என்றாள். வீட்டுக்குள் யாராவது எடுத்திருந்தால் சொல்ல முடியாது. அப்போதுதான் அவள் அந்த ஆப்பைப் பற்றிச் சொன்னாள்.

"இன்னது நடந்தா இன்னது செய்யின்னு நாம சொல்லி வச்சிட்டா போதும் மாமி, போன் தானே செய்துக்கிடும். நீங்க ஓர்மை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யாண்டாம். வீட்டை விட்டு எறங்குனா வைஃபை, ப்ளூடூத் எல்லாம் தானா ஓஃப் ஆவும். யாராவது சிம்மை உருவுனா பூட்டிக்கிடும். பின் நம்பரைத் தப்பாப் போட்டா, முன்னால இருக்க கேமராவுல அவன் மொகத்தைப் படம் எடுத்து உங்க மெயிலுக்கு அனுப்பீரும்."

அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் விஜயலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் வைக்கச் சொன்னாள். விரல் ரேகையை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். தூங்கும்போது யாராவது விரலைப் பிடித்து அதில் வைத்துவிட்டால் என்ன செய்வது? பின் நம்பரையும் அங்கேயே மாற்றினாள். சார்ஜ் போட்டிருக்கும்போது யாராவது போனை எடுத்தால் சைரன் அடிக்கும்படியும் வைக்கலாம் என்று ஷீனா சொன்னாள். அதுவும் வேண்டும் என்றாள்.

ஒரு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாலைக் கடைத்தெருவில் இரண்டு கையிலும் பையோடு நிற்கும்போது பாலக்காட்டிலிருந்து அழைப்பு வரும்; எடுத்துப் பேசி முடிப்பதற்குள் போன் பூட்டிக்கொண்டு நம்பர் கேட்கும். கோயிலுக்குள் போனால், வீட்டை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டதாக அதற்குத் தோன்றுமோ என்னவோ, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உம்மென்று இருக்கும். ஒருநாள் காலை தெருவில் கரண்ட் போயிற்று. சார்ஜரிலிருந்து யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று போன் நினைத்துவிட்டது. சைரன் ஊளையிட்டதில் தெருவே கூடிவிட்டது. எதை அமுக்கினால் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் போனைத் தலையணைகளுக்கு அடியில் வைத்து அமுக்கி, ஷீனாவை லேண்ட்லைனில் கூப்பிட்டுக் கேட்டு நிறுத்தினாள்.

ஆனாலும் அவள் ஒன்றையும் எடுக்கச் சொல்லவில்லை. காவல் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

பிறகு முதல் மெயில் வந்தது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தவள் அதைப் பார்த்தாள். பின் நம்பர் பலமுறை தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்றது. கூடவே ஒரு படம். முகம் இல்லை. கூடத்து மின்விசிறி பாதி, உத்தரம் கொஞ்சம், ஓரத்தில் மங்கலாகப் பச்சைத் துணி. அவ்வளவுதான். எடுத்த நேரம் மத்தியானம்.

மீராவிடம் பச்சைச் சுடிதார் ஒன்று இருந்தது. கீழ் வீட்டுச் சாவியும் அவளிடம் இருந்தது. மத்தியானத்தில் வீட்டில் இருக்கிறவளும் அவள்தான். விஜயலக்ஷ்மி இதையே மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மீரா அப்படிச் செய்கிற பெண் இல்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. வேறு யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. அவளுக்கும் வரன் பார்க்கிறார்கள், வேறு பெண்ணின் சம்பந்தம் கலைய வேண்டும் என்று நினைத்திருப்பாளோ என்றுகூடப் போயிற்று எண்ணம். நேரே கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஊரிலிருந்து மனுஷாள் வருகிறார்கள், மாடி வேண்டும் என்று சொன்னாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணினேனா மாமி?" என்று மீரா ஒரே ஒரு தடவை கேட்டாள். விஜயலக்ஷ்மி சுவரைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மீரா கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

விஜயலக்ஷ்மி அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதி வாரம் முடிகிற வரைகூட நிற்கவில்லை.

அடுத்த மெயிலில் முகம் இருந்தது. தெளிவாக, நேருக்கு நேராக. அது அவளுடைய முகம்.

தலை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் போனைப் பார்க்கவில்லை. போனுக்குப் பின்னால் எங்கேயோ எதையோ தேடிக்கொண்டிருந்தது. உடம்பில் பச்சைப் புடவை. அதை அவள் அன்று கட்டியிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் படுத்திருந்தாள். படுத்தது நன்றாக ஞாபகம் இருந்தது, எழுந்ததும் ஞாபகம் இருந்தது. நடுவில் எழுந்துபோய் கூடத்தில் நின்றது இல்லவே இல்லை. அப்படியே நின்றிருந்தாலும், தான் வைத்த நம்பரைத் தானே எப்படித் தப்பாகப் போடுவாள்?

நிறைய யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தக் காலத்தில் யார் முகத்தை வேண்டுமானாலும் யார் உடம்பில் வேண்டுமானாலும் ஒட்டி, பேசக்கூட வைத்துவிடுகிறார்கள் என்று அக்ரஹாரத்துக் குரூப்பில் எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். போனைத் திறக்கப் பார்த்தவன் கெட்டிக்காரன். கேமரா இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் முகத்தை மறைத்து இவள் முகத்தை வைத்திருக்கிறான். அவளுக்கு இது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வேறு எதுவுமே அவ்வளவு தெளிவாக இல்லாத நாட்கள் அவை.

ஷீனாவிடம் போய்க் காட்டினாள். ஷீனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். விஜயலக்ஷ்மியின் முகத்தையும் பார்த்தாள்.

"இது வெளிய எங்கயும் வச்சு உண்டாக்கின படமில்லை மாமி. உங்க போன் எடுத்ததாக்கும். பழைய பின் நம்பரைப் போட்டிருக்கீங்களோ என்னமோ."

"நான் போடலைன்னு சொல்றேனே."

"செரி. அப்பம் யாராவது உங்களைப் போல இருக்கவங்க வீட்டுல உண்டா?"

ஷீனா நிஜமாகவே கேட்டாள். கேலியாக எடுத்துக்கொண்ட விஜயலக்ஷ்மி போனை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். கோட்டைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. எதெது நடந்தால் போன் எதெது செய்யும் என்பது தன்னைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அமைத்தவளுக்கு. பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அது தான் ஏறவேண்டிய பஸ்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரன் எங்கே என்று கேட்டதற்கு வஞ்சியூர் என்று சொல்லிவிட்டாள். பாதி வழியில்தான் வஞ்சியூரில் தனக்கு ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நாகேஸ்வரன் வந்தார். சாப்பாடு ஆனதும் படத்தை அவரிடம் நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீதானே இது?"

"நான் மாதிரி இருக்கு. நான் இல்லை."

"தூக்கக் கலக்கத்துல எடுத்திருப்பே விஜயா."

"தூங்கிண்டே யாராவது பின் நம்பர் போடுவாளா?"

"தப்பாத்தானே போட்டிருக்கே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவர், தலை கனக்கிறது என்கிறாயே, டாக்டரிடம் காட்டலாம் என்றார். போன் விஷயத்துக்கு டாக்டர் எதற்கு என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சீதாலக்ஷ்மி வந்துபோன கதையை முதல் தடவையாகச் சொல்வதுபோல அவரிடம் சொன்னாள். அவர் அதைப் போனிலேயே பலமுறை கேட்டிருந்தார். வேலை ஜாஸ்தி, கவலை ஜாஸ்தி, அதனால் மறந்துபோகிறாள் என்று நினைத்தார். திங்கட்கிழமை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை விஜயலக்ஷ்மி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். சமையலறையில் ரசத்தை இறக்கி வைத்தது தெரியும். செம்பில் தண்ணீர் குடித்தது தெரியும். அதற்கு அடுத்தது, அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் போன் ஊளையிட்டுக்கொண்டிருக்கிறது. எதிரே தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. திரை விழுந்து மறுபடி தூக்கினதுபோலக்கூட இல்லை. திரையே இல்லை.

"மாமி, நான் மீராவாக்கும். மாடியில இருந்த மீரா."

"தெரியறது. ஏன் இப்படிக் கத்தறே?"

"நான் கத்தலை மாமி. போனாக்கும் கத்தறது."

மீரா அதை வாங்கித் துண்டில் சுற்றி ஒதுக்கி வைத்தாள். பழைய விலாசத்துக்கு வந்துவிட்ட ஒரு பார்சலை எடுத்துப்போக வந்தவள் அவள். கதவு திறந்தே கிடந்ததாம். விஜயலக்ஷ்மிக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்பதுதான் உடனே பிடிபடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டாள். மீரா சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"நான் உள்ளே வந்தப்போ நீங்க நின்னுண்டு போன்ல நம்பர் போட்டுண்டே இருந்தேள். தப்பு தப்புன்னு வந்துண்டே இருந்தது. என்னைப் பார்த்து யார் வேணும்னு கேட்டேள். மீரான்னேன். மாடி காலியா இருக்கு, வாடகைக்கு வரேளா, பார்த்துட்டுச் சொல்லுங்கோன்னேள்."

விஜயலக்ஷ்மி துண்டில் சுற்றிக் கிடந்த போனைப் பார்த்தாள்.

"நீங்க தமாஷ் பண்றேள்னு நினைச்சேன் முதல்லே. அன்னிக்கும் அப்படித்தான் நினைச்சேன்."

"என்னிக்கு?"

"ஆவணியிலே. தண்ணி பிடிக்க வந்தப்போ என்னை சரோஜான்னு கூப்பிட்டேள். மேஜையண்டே நின்னுண்டு யாருக்கோ வரன் அனுப்பிண்டிருந்தேள். வக்கீல் சார் அவசரமாக் கேக்கறார்னு சொன்னேள். தூக்கக் கலக்கம்னு நினைச்சுண்டு நான் போயிட்டேன்."

சரோஜா என்பது வக்கீல் ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் இருந்த பெண். அந்தப் பேரை மீராவிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வேறு யாரும் சொல்லியிருக்கவும் முடியாது. விஜயலக்ஷ்மி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கைதான் அனுப்பியிருக்கிறது. இந்த விரல்தான். கோபம் வந்தது, பயமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை. இவ்வளவு நாள் யாரையோ தேடி, யாரையோ விரட்டி, யாரோ ஒரு கெட்டிக்காரனை மனசுக்குள் உருவாக்கி, அத்தனைக்கும் கூடத்தில் நின்றது அவளேதான் என்றால், அப்போது கட்டிலில் படுத்திருந்தவள் யார்?

"என்கிட்டே நீ இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"நீங்க கேட்கவே இல்லையே மாமி" என்றாள் மீரா.

அவள் ஷிஃப்டுக்குப் போகவில்லை. ஆட்டோ கூப்பிட்டு விஜயலக்ஷ்மியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வழியிலேயே நாகேஸ்வரனுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னாள். எங்கே வேலை என்று கேட்டதற்கு ஒரு க்ஷணம் தடுமாறினாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோடியம் ரொம்பவும் கீழே போயிருந்தது. உடம்பில் உப்பு இல்லாமல் போனால் மூளை குழம்பிப்போகும் என்று டாக்டர் மலையாளத்தில் விளக்கினார். ப்ரஷர் மாத்திரை உப்பை வெளியே தள்ளும், இவள் சாப்பாட்டிலும் உப்பு இல்லை, அது போதாதென்று தண்ணீரை ஊற்றி ஊற்றி இருந்ததையும் கரைத்துவிட்டிருக்கிறாள். மறதி வியாதி என்றுதான் ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவள் மனசுக்குள் பயந்துகொண்டிருந்தாள். அது இல்லை, சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு நம்பவா வேண்டாமா என்று இருந்தது. உப்பை ஒரேயடியாக ஏற்றக்கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். மாத்திரையை மாற்றினார்கள்.

நாகேஸ்வரன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். "நீ சொன்னதையே சொல்றேன்னு எனக்குத் தெரிஞ்சது விஜயா. அப்பவே டாக்டர்கிட்டே அழைச்சிண்டு போயிருக்கணும்" என்றார். அவள் அவர் சட்டையில் பித்தான் தப்பிப் போட்டிருப்பதைப் பார்த்து அதைச் சரிசெய்யச் சொன்னாள்.

தலைபாரம் ஒவ்வொரு நாளாக இறங்கியது. பனி விலகினதுபோல என்று சொல்வார்கள். அவளுக்கு அப்படி இல்லை. தண்ணீருக்குள் காது அடைத்திருந்து, வெளியே வந்ததும் தெருச் சத்தமெல்லாம் ஒன்றாகக் கேட்பதுபோல இருந்தது. அதோடு ஒவ்வொன்றாக ஞாபகமும் வந்தது. எல்லாம் அல்ல, அவள் செய்த சில காரியங்கள். மீராவைப் போகச் சொன்னது. ஷீனாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்தது. அந்த மத்தியானங்கள் மட்டும் வரவே இல்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மீரா மறுபடியும் பார்க்க வந்தபோது, உன் மேல் சந்தேகப்பட்டுத்தான் மாடியைக் காலி செய்யச் சொன்னேன் என்று நேராகவே சொன்னாள். தெரியும் என்றாள் மீரா. திரும்பி வருகிறாயா என்று கேட்டதற்கு, ஹாஸ்டல் கம்பெனிக்குப் பக்கம், நடந்தே போய்விடலாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே விஜயலக்ஷ்மியால் மேற்கொண்டு வற்புறுத்த முடியவில்லை. மாடிக்கு அப்புறம் வேறு ஒரு குடும்பம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் போன இடம் ஸ்ரீவராகம். நாகேஸ்வரன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். சீதாலக்ஷ்மி உட்காரச் சொன்னாள், மோர் கொண்டுவந்து வைத்தாள். விஜயலக்ஷ்மி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். போனை யாரும் திறக்கவில்லை, தான்தான், தெரியாமல் செய்தது, ஆனால் செய்தது தான்தான். சீதாலக்ஷ்மி முழுவதையும் கேட்டாள்.

"உடம்பு படுத்தியிருக்கு, புரியறது. உங்களைக் குத்தம் சொல்றதுக்கில்லை. ஆனா பார்த்தவா பார்த்தவாதானே மாமி" என்றாள். ஜாதகத்தைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வாசல் வரை கொண்டுவிட வந்தது ஆர்ஷா. ஸ்கூல் டீச்சர், அதிகம் பேசாத பெண். கேட்டைத் திறந்துவிட்டுச் சொன்னாள்:

"மாமி, அந்த நிச்சயம் நின்னுபோச்சுன்னு அம்மா சொல்வா. நின்னு ஒண்ணும் போகலை. நான்தான் வேண்டாம்னேன். அதை ஒளிச்சு ஒளிச்சு வச்சதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. இப்போ எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேட்கலை."

இதைக் கேட்டு விஜயலக்ஷ்மி சந்தோஷப்படவேண்டுமா, கூடாதா? அந்தப் பெண் சமாதானத்துக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா? தெருமுனை திரும்புகிற வரை அவளுக்குப் பிடிபடவில்லை. தான் செய்தது தப்பு என்பதில் சந்தேகமில்லை. அந்தத் தப்பால் ஒருத்திக்கு மூச்சு விட முடிந்தது என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பழவங்காடிக்கும் போனாள். ஷீனா அவளைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், பழையதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள். விஜயலக்ஷ்மி யோசித்தாள். அந்தப் படம் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை மாசம் யாரையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பாளோ. அதை எடுக்கவேண்டாம் என்றாள். படம் தனக்கு வருவதோடு நாகேஸ்வரனுக்கும் போகட்டும் என்றாள். பெரிய குரூப்பைத் திறந்தால் அனுப்புவதற்கு முன் கொஞ்ச நேரம் காக்க வைத்து, யாருக்கு அனுப்புகிறாய் என்று ஒரு தடவை கேட்கும்படியும் செய்யச் சொன்னாள். ஷீனா அதை அமைத்துக் கொடுத்துவிட்டு, தன் அம்மைக்கும் ப்ரஷர் மாத்திரை உண்டு, இனி அதையும் ஒன்று பார்க்கவேண்டும் என்றாள்.

வரன் கேட்டு அழைப்புகள் மறுபடி வரத் தொடங்கின, முன்னளவு இல்லை. ஸ்ரீவராகத்து விஷயம் தெரிந்தவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவர்களிடம் அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அவர்கள் குரலைத் தாழ்த்தி, "மாமி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிக்கும்போது அவள் குறுக்கிடுவாள். சொல்வதற்கு முன்னால் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் என்று, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். இப்போது சரியாகிவிட்டது, டாக்டர் மாசாமாசம் ரத்தம் பார்க்கிறார், ஆனாலும் சொல்லிவிடுவது முறை என்பாள். சிலர் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவார்கள், அப்புறம் பேசமாட்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் வடசேரியிலிருந்து முத்தாரம்மாள் என்று ஒரு அம்மாள் அழைத்தாள். அக்ரஹாரத்துக்காரி அல்ல, யாரோ நம்பர் கொடுத்தார்களாம், மகனுக்குப் பெண் பார்க்கவேண்டுமாம். தன் வழக்கப்படி விஜயலக்ஷ்மி எல்லாவற்றையும் சொன்னாள். இவளும் வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா மத்தியானத்துல ஒரு மாதிரி பேசுதாரு" என்றது அந்தக் குரல். "அதுக்கு என்ன ரத்தம் பாக்கணும்?"

விஜயலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று நெடுநேரம் பேசினார்கள். மகனுடைய பேரைக்கூட அந்த அம்மாள் சொல்ல மறந்துவிட்டாள்.